தேங்காய் எண்ணெயில் அளந்த குரல்

பெரிய பிஸ்கட் டின் ஒன்று. அதில் முக்கால்வாசிக்குத் தேங்காய் எண்ணெய். எண்ணெயின் மேல் மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் வாத்து ஒன்று மிதக்கிறது. சுற்றி நிற்கும் மூன்று வளர்ந்த ஆண்கள், ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் பிடித்து, “ஊஊஊ…” என்று ஊளையிடுகிறார்கள். நாலாவது ஆள் முழந்தாளிட்டு, அகப்பையால் எண்ணெயைக் கலக்கிக்கொண்டிருக்கிறான்.

அந்த நாலாவது ஆள் நான்தான்.

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியிருந்த காலம். இடம் ஒலுவில் துறை. பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். வாத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பிப் போய் வலையைக் கையில் எடுத்தார். அன்று அந்தத் துறையில் நிதானமாக நடந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

எனக்குப் புத்தி பேதலித்துவிடவில்லை. நான் வயர்லஸ் திருத்துகிறவன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் மனைவி பர்வீனின் கருத்து.

றிஸ்னா போட்ட நிபந்தனை

நான் பிறந்த வீடு பாலமுனையில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேரவேண்டும். அப்படித்தான் நான் மருதமுனைக்கு மாப்பிள்ளையாகப் போய், நெசவுத் தறிச் சத்தத்தில் தூங்கப் பழகினேன். பாலமுனை வீட்டில் இப்போது என் தங்கச்சி றிஸ்னாவும் அவளுடைய மாப்பிள்ளை அஸ்மியும். என் சொந்த வீட்டுக்கு நான் போனால் எனக்குக் கதிரை போடுவது அஸ்மிதான். மனிதனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

அஸ்மி ஆழ்கடல் போட்டில் போகிறவன். சூரை மீன் தேடிப் போனால், கைபேசிக்கு எட்டாத தூரத்தில் நாட்கணக்காக நிற்பார்கள். போட்டிலிருக்கிற வயர்லஸ் ஒன்றுதான் துணை. கரையில், மீனவர் சங்கத்தின் சின்ன அறையில் இன்னொரு வயர்லஸ் இருக்கும். வீட்டுக்காரர்கள் அங்கே போய்க் குரல் கேட்பார்கள். மீன் விலையும் வயிற்றுவலியும் மகளின் பரீட்சையும் எல்லாருடைய காதிலும் விழும். அந்த அறையில் ரகசியம் என்று ஒன்று கிடையாது.

போன பயணத்தில் அஸ்மியின் போட் போன நாள் தொடக்கம் குரல் வரவில்லை. மற்ற போட்டுக்காரர்கள், “பக்கத்திலதான் நிக்கிறாங்க, சுகம்” என்று சொன்னார்கள். றிஸ்னாவுக்கு அது போதவில்லை. கல்யாணம் முடித்துப் பல வருடம் காத்திருந்து வந்த முதல் பிள்ளை அப்போது வயிற்றில். அவன் திரும்பி வரும்வரை அவள் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்ததைப் பர்வீன் எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த பயணம் தீர்மானமானதும் தங்கச்சி என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

“காக்கா, அந்த மெசின நீங்க அளந்து பாக்கணும்.”

“பாத்தாப் போச்சு புள்ள.”

“பாத்தாப் போச்சு இல்ல. நீங்க எல்லாத்துக்கும் பகிடி உட்டுட்டு, ‘நல்லா இரிக்கி’ எண்டு செல்லிட்டுப் போயிருவீங்க. இது அப்பிடி இல்ல. அளந்து செல்லுங்க. சரியில்லாட்டி இவர் போகப்படா.”

அஸ்மி கதவடியில் நின்று, “புள்ள பொறக்க முந்தி நான் வந்திருவன்தானே,” என்றான்.

“வராட்டி?” என்றாள் அவள். “வராட்டி இவர்ர வாங்கு அந்த வயர்லஸ்ல வந்தாவது எண்ட புள்ளைட காதுல உழணும். அவ்வளவுதான் காக்கா நான் கேக்கிறது.”

பிறந்த பிள்ளையின் காதில் வாங்கு, அதாவது தொழுகைக்கான அழைப்பு, சொல்வது யாரும் செய்யலாம். ஆனால் அஸ்மியின் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். சின்ன வயதில் பள்ளிவாசலில் அவன் வாங்கு சொன்னால், ஐஸ்பழ வண்டிக்காரன் மணியடிப்பதை நிறுத்துவான். அந்தக் குரலைப் பார்த்துத்தான் என் தங்கச்சி அவனுக்குச் சம்மதித்தாள். முகத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

நான் நெஞ்சில் கைவைத்து, “அளந்து சொல்றன்,” என்றேன். பகிடி விடவில்லை. அதிலேயே எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

ரியூப்லைட் பரீட்சை

போட்டை நடத்துகிறவரைத் தண்டயல் என்போம். இந்தப் போட்டின் தண்டயல் மீராசா. வயர்லஸ் பற்றி அவருக்கு ஒரே ஒரு சோதனைதான் தெரியும். அதில் அவருக்குப் பூரண நம்பிக்கை. எரிந்து முடிந்த ரியூப்லைட் ஒன்றை ஏரியலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மைக்கில் ஒருவன் கத்தவேண்டும். வயர் எதுவும் இல்லாமல் ரியூப் எரியும். எரிந்தால் மெசின் சரி.

நான் போன நேரம் அது எரிந்துகொண்டிருந்தது. மைக்கில் கத்தியது அதே போட்டில் போகிற காரைதீவுத் தம்பி யோகன்.

“பாத்தீங்களா தம்பி, பளிச்செண்டு எரியிது,” என்றார் மீராசா. “என்னத்துக்கு மீற்றர்?”

ரியூப் எரிவது பார்க்க அழகுதான். சக்தி இருக்கிறது என்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. அடுப்பில் நெருப்பு இருக்கிறது என்பதும் சோறு வெந்துவிட்டது என்பதும் ஒன்றா?

நான் கெத்தாக என் மீற்றரை எடுத்து, மெசினுக்கும் ஏரியல் கேபிளுக்கும் நடுவில் பூட்டினேன். நூறு வாற் தரவேண்டிய மெசின் அது. “கதை,” என்றேன். யோகன், “ஹலோ ஹலோ, கேக்குதா, ஓவர்,” என்றான்.

முள் நாற்பதுக்குப் போய் விழுந்தது.

நான் பதறிய விதம்

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். என் மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஜெனரேற்றர் நின்ற கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதிலிருந்து என் மாமியார் என்னோடு கதைப்பதில்லை. “எல்லாரும் பயந்த கதைய எழுதிட்டு, தான் பயந்தத எழுதல்லயே,” என்று பர்வீனிடம் சொன்னாராம். மாமியாருக்காக இந்தப் பகுதி.

நாற்பதைக் கண்டதும் எனக்கு முதலில் காது அடைத்தது. பிறகு உள்ளங்கை வியர்த்தது. மெசினின் கடைசிக்கட்டத் திரான்சிஸ்ரர்கள் போய்விட்டன என்று முடிவு கட்டினேன். அவை கொழும்பிலும் கிடைக்காது என்று அடுத்த முடிவு. அஸ்மி போகாமல் நின்றுவிடுவான், தண்டயல் வேறு ஆளை எடுப்பார், பிள்ளை பிறந்த வீட்டில் தகப்பன் வேலையில்லாமல் இருப்பான், எல்லாம் என்னால் என்று ஐந்தாறு முடிவுகளுக்கு ஒரே மூச்சில் போய் வந்தேன். திருப்புளியைத் தேடினேன். அது என் வாயில் இருந்தது.

“மச்சான், என்னவாம்?” என்றான் அஸ்மி.

“ஒண்டுமில்ல,” என்றேன், திருப்புளியைக் கடித்தபடி.

“ஒண்டுமில்லாததுக்கு என்னத்துக்கு இப்பிடி வேர்க்குது?”

மூடியின் முதல் ஆணியைக் கழற்றிவிட்டேன். இரண்டாவது ஆணியில்தான் மூளை திரும்பி வந்தது.

இந்த வகை வயர்லஸில், கதைத்தால்தான் சக்தி வெளியேறும். மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் ஒரு வாற் கூடப் போகாது. கதைக்கிறவனோ சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுகிறான், மூச்சு எடுக்கிறான். என் மீற்றரின் முள் சோம்பேறி. அது உச்சிக்கு ஏறுமுன் சொல் முடிந்துவிடும். அது காட்டியது அந்தக் குரலின் உச்சத்தை அல்ல. சத்தத்தையும் மௌனத்தையும் கலந்து பிசைந்த சராசரியை. “ஹலோ ஹலோ”வால் ஒரு மெசினை அளப்பது, கெந்திக் கெந்திப் போகிறவனை வைத்து ஓட்டப்போட்டி நடத்துவது மாதிரி.

வேண்டியது இடைவெளி இல்லாத ஒரே சத்தம். விசில்தான் அதற்குத் திறம்.

“விசிலா?” மீராசா எழும்பிவிட்டார். “போட்டில விசில் அடிக்கப்படா. காத்தக் கூப்பிடுற வேல அது. என்ட போட்டில இதுவரைக்கும் ஒருத்தனும் அடிச்சதில்ல.”

“அப்ப அஸ்மி, நீ வாங்கு மாதிரி ஒரு இழுப்பு இழு,” என்றேன்.

அஸ்மி மைக்கைக் கீழே வைத்தான். கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை.

“அது அளக்கிறதுக்கு இல்ல மச்சான்.”

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவன் சொன்னது சரி. ஆகவே மனித வாயால் எழுப்பக்கூடிய சத்தங்களில் விசிலுக்கு அடுத்தபடியாகச் சுத்தமானது எது என்று யோசித்து, “ஊ” என்ற முடிவுக்கு வந்தேன். “ஆ” என்றால் பல சத்தங்கள் கலந்து வரும். “ஊ” கிட்டத்தட்ட ஒற்றைச் சத்தம்.

அஸ்மி “ஊஊஊ” என்றான். முள் எழுபதுக்குப் போய் நின்றது.

நாற்பது எழுபதானது சந்தோசம். ஆனால் எழுபதும் நூறும் ஒன்றல்ல. இப்போது பிழை மெசினிலா, மீற்றரிலா? அந்த மீற்றர் ஒருமுறை மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, எனக்கு முன்னால் உருண்டு போன மீற்றர். அது சொல்வதை நம்பித் தங்கச்சியிடம் போய் நிற்க என்னால் ஏலாது.

வாத்து வந்த வழி

மீற்றரை நம்பமுடியாதபோது சூட்டை நம்பலாம். வயர்லஸ் அலையோ பற்றரி மின்சாரமோ, நூறு வாற் சக்தியை எண்ணெய்க்குள் விட்டால் ஒரே வேகத்தில்தான் சூடேறும். ஆகவே, அளவு தெரிந்த பற்றரி மின்சாரத்தால் எண்ணெயை முதலில் சூடாக்கு. எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார். ஆறவிடு. பிறகு அதே எண்ணெயை வயர்லஸால் சூடாக்கு. இரண்டையும் ஒப்பிடு. எந்த முள்ளும் நடுவில் நின்று பொய் சொல்ல இடமில்லை.

சக்தியை வாங்கி எரிப்பதற்கு என்னிடம் ஒரு மின்தடை இருந்தது. ஏரியல் இருக்கவேண்டிய இடத்தில் அதைப் பூட்டினால், மெசின் அதை ஏரியல் என்றே நினைத்துக்கொள்ளும். அதைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, போட்டின் சமையலுக்கு ஏற்றியிருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றினேன். மீராசா கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்துப் போட்டுகளில் கெஞ்சி ஆறு பற்றரி வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, முதலில் அந்தத் தடையில் பூட்டினேன். சாதாரண மீற்றரில் வோல்ற்றும் அம்பியரும் பார்த்தால், நூறு வாற்றுக்குச் சற்று மேலே. இந்த அளவில் ஏமாற இடமில்லை.

வெப்பமானி? அதுதான் இல்லை.

பிறகு ஞாபகம் வந்தது. என் மோட்டார் சைக்கிள் பையில், கல்முனையில் வாங்கிய ஒரு பொதி இருந்தது. பிறக்கப்போகும் மருமகனுக்கோ மருமகளுக்கோ மாமாவின் முதல் பரிசு. குழந்தை குளிக்கிற தண்ணீரில் மிதந்து சூடு காட்டுகிற மஞ்சள் வாத்து. வயிற்றில் சிவப்புத் திரவம் ஏறுகிற கண்ணாடிக் குழாய். எலெக்ரோனிக் சாமானாக இருந்தால் வயர்லஸ் அலையில் குழம்பியிருக்கும். இதற்கு அந்தக் கவலை இல்லை.

“அல்லாவே, புள்ளைட சாமான்,” என்றான் அஸ்மி.

“புள்ளைக்காகத்தான்டா,” என்றேன்.

பற்றரியில் எண்ணெய் மூன்று பாகை ஏறுவதற்குள் என் பிளேன்ரீ ஆறிப்போனது. எடுத்த நேரத்தைக் கைபேசியில் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் ஆறியதும் வயர்லஸின் முறை. அவ்வளவு நேரம் ஒரே ஆள் “ஊ” சொன்னால் மூச்சு நின்று மையித்துத்தான். ஆகவே மூன்று பேரையும் மைக்குக்கு முன்னால் நிறுத்தினேன். ஒருவனுக்கு மூச்சு முடிகிற நேரம் அடுத்தவன் பிடிக்கவேண்டும்; இடையில் மௌனம் விழக்கூடாது.

“ஊஊஊ…” அஸ்மி.

“ஊஊஊ…” மீராசா தண்டயல், தாடி நடுங்க.

“ஊஊஊ…” யோகன். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, “நானா, எங்கட கோயில்ல சங்கு ஊதுறவனுக்கும் இவ்வளவு மூச்சு வேணாம்,” என்றான்.

“சிரிக்காதடா, முள்ளு விழுது!” என்று கத்தினேன். அகப்பையால் கலக்கினேன். எண்ணெய் மணம் எழும்பியது. அடுத்த போட்டிலிருந்து ஒருவன், “வட சுடுறீங்களா?” என்று கேட்டான். வாத்து மட்டும் கவலையில்லாமல் சுற்றி வந்தது.

மூன்று பாகை. பற்றரி எடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம். கணக்குப் போட்டேன். மறுபடி போட்டேன். தொண்ணூறு வாற்றுக்கு மேல்!

மெசினுக்கு ஒரு குறையும் இல்லை. என் மீற்றர்தான் வாங்கியதில் கொஞ்சத்தை ஒளித்துவைத்துச் சொல்கிற சாதி. அதன் கண்ணாடியில் எழுபதுக்கு நேரே ஒரு கோடு கீறினேன். இன்றைக்கும் அந்தக் கோடுதான் எனக்கு நூறுக்குக் கிட்ட.

என் வயிற்றின் பங்கு

அப்படியானால் போன பயணத்தில் குரல் ஏன் வரவில்லை?

மெசின் அனுப்புகிற சக்தி எல்லாம் ஏரியல் வழியாகப் போய்விடுவதில்லை. ஏரியல் பொருந்தாவிட்டால் ஒரு பகுதி வாசலோடு திரும்பி வரும். திரும்பி வருவதை அளக்க, ஏரியலை மறுபடி பூட்டி, மீற்றரைத் திருப்பிப் போட்டு, அஸ்மியை “ஊ” சொல்ல வைத்துவிட்டு, மேலே ஏறி ஏரியலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

“கூடுது நானா,” என்றான் யோகன், மீற்றரைப் பார்த்து.

கையெட்டும் தூரத்துக்கு நெருங்கினேன். இன்னும் கூடியது. இறங்கினேன். பாதிக்கு மேல் குறைந்தது. மறுபடி ஏறினேன். கூடியது.

“நானா, மெசினுக்கு உங்கட வயிறு பிடிக்கல்லப் போல,” என்றான் யோகன்.

உண்மைதான். மனித உடம்பு பக்கத்தில் நின்றால் ஏரியலின் குணம் மாறும். என்னுடையது சற்று அதிகமான உடம்பு. அளக்கிறவனும் அளவில் ஒரு பகுதியாகிவிடுகிறான். அதனால் அளக்கும்போது தள்ளி நிற்கவேண்டும்.

நான் தள்ளி நின்ற பிறகும் மிச்சம் கொஞ்சம் திரும்பி வந்துகொண்டிருந்தது. கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். ஏரியலடி மூட்டில் உப்புப் பிடித்துப் பச்சை பூத்திருந்தது. வெட்டி எறிந்து புதிதாகப் பூட்டி, தண்ணீர் போகாமல் சுற்றிக் கட்டினேன். மீற்றர் முள் படுத்துவிட்டது.

பாலமுனைக்குப் போய், “அளந்தாச்சு. போகலாம்,” என்றேன். றிஸ்னா என் முகத்தைப் பார்த்தாள். பகிடி இருக்கிறதா என்று தேடியிருப்பாள். பிறகு வாத்தை வாங்கி மோந்து பார்த்தாள்.

“இதென்ன காக்கா, தேங்காண்ணெ மணக்குது?”

சங்கத்து அறை

பிள்ளைகளுக்கு நாள் குறித்துக் கொடுத்தால் அவை மதிப்பதில்லை. அஸ்மியின் போட் வெகுதூரம் போயிருந்த நேரம் றிஸ்னாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பர்வீன் கூடப் போனாள். நான் சங்கத்து அறையில் வயர்லஸுக்கு முன்னால் குந்திக்கொண்டேன்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு கைபேசி அடித்தது.

“பொம்புளப் புள்ள,” என்றாள் பர்வீன். “தாயும் சுகம், புள்ளையும் சுகம். வாப்பாட தம்பி, சாச்சா வந்து வாங்கு செல்லிட்டார். ஆனா உங்கட தங்கச்சி, தகப்பன்ர குரலும் வேணும் எண்டு புடிவாதம். உங்கட போனை வயர்லஸ் ஸ்பீக்கரடியில வைங்க. நான் இஞ்ச புள்ளைட காதடியில வெச்சிருக்கன்.”

போட்டைக் கூப்பிட்டேன். செய்தியைச் சொன்னேன். பதிலுக்கு வந்தது இரைச்சல். அதற்குள் கிழிந்த துண்டுகளாக அஸ்மி.

“…மச்சான்… என்ன… புள்… ஓவர்…”

“பொம்புளப் புள்ள! வாங்கு சொல்லு!”

“…கேக்கல்ல… மறு… செல்லு…”

மறுபடியும் காது அடைத்தது. உள்ளங்கை வியர்த்தது. தேங்காய் எண்ணெய் பொய் சொல்லிவிட்டதா? மூட்டைச் சரியாகச் சுற்றினேனா? வாத்து மூன்று பாகை காட்டியதா, இரண்டா? கைபேசியில் பர்வீன், “என்னங்க, சத்தத்தக் காணல்ல,” என்கிறாள். அவளுக்குப் பின்னால் என் மருமகள் கத்துகிறாள். அவளுக்கு வாற் பிரச்சினை கிடையாது.

அப்போதுதான் விளங்கியது. அவன் கதைக்கிறான். பதற்றத்தில் வெட்டி வெட்டிக் கதைக்கிறான். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இரைச்சல் புகுந்து தின்றுவிடுகிறது.

மைக்கை வாயோடு ஒட்டிவைத்து, ஒவ்வோர் எழுத்தாக இழுத்தேன். “அஸ்மீஈஈ… கதைக்காதேஏஏ… வாங்ங்கு… இழுத்துச் சொல்லூஊஊ…”

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

பிறகு வந்தது. முதல் இழுப்பிலேயே என் முன்னாலிருந்த வயர்லஸின் முள் எழும்பியது. எழும்பி, விழாமல், நின்றது. அவன் நீட்டிய இடத்தில் எல்லாம் அது நின்றது. கடலையும் காற்றையும் தாண்டி, பூச்சு உதிர்ந்த அந்தச் சின்ன அறைக்குள், இரைச்சல் விலகி வழிவிட்ட மாதிரி, சின்ன வயதில் ஐஸ்பழ வண்டியை நிறுத்திய அதே குரல். நான் கைபேசியை ஸ்பீக்கரோடு அழுத்திப் பிடித்திருந்தேன். பிறகு மைக்கை வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்தேன்.

வாங்கு முடிந்தது. கைபேசியில் பிள்ளை இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது. அதற்கு மேலாக றிஸ்னாவின் குரல் தூரத்தில் கேட்டது. “கேட்டிச்சு காக்கா. முழுக்கக் கேட்டிச்சு.”

வயர்லஸில் அஸ்மி கேட்டான். “மச்… கேட்டிச்சா… ஓவர்.”

மைக்கின் பொத்தானை அழுத்தினேன். வாயைத் திறந்தேன். ஊருக்கெல்லாம் வாய் காட்டுகிற எனக்கு, ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. பொத்தான் அழுந்தியிருக்கிறது, முன்னால் முள் பூச்சியத்தில் கிடக்கிறது. கதைக்காவிட்டால் ஒரு வாற் கூடப் போகாது. அங்கே கடலில் அவன் காத்துக்கொண்டு நிற்கிறான்.

எனக்குச் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான்.

“ஊஊஊஊ…” என்றேன்.

முள் எழும்பியது.

பொத்தானை விட்டேன். இரைச்சல். பிறகு, கடலின் அந்தக் கோடியிலிருந்து, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் பிடித்து, மூன்று குரல்கள்.

“ஊஊஊ…”

“ஊஊஊ…”

“ஊஊஊ…”